மாவு பொங்கும் வரை



குழந்தைகளுக்கான நூல்களைப் படிப்பதும், படித்ததைப் பற்றி நாலு பேர் அறிய எழுதுவதும் ஒரு வேலை என்று நம் வீடுகளில் எவரும் கணக்கில் கொள்வதில்லை. தையல் என்றால் தைத்த துணி கண்ணுக்குத் தெரிகிறது. டியூஷன் என்றால் மாதம் பிறந்ததும் கையில் பணம் வருகிறது. முப்பத்திரண்டு பக்கப் படக்கதை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அரை மணி நேரம் அமர்ந்திருந்தால், அவள் ஓய்வெடுக்கிறாள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பர். அதுவும் குழந்தைப் புத்தகம் என்று தெரிந்துவிட்டால் இளக்காரம் இரட்டிப்பாகும்.

தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள நீண்ட கடிதம் இதைப் பற்றியதுதான். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் மூவர், மூத்தவளுக்குப் பதிமூன்று, கடைக்குட்டிக்கு ஐந்து. கணவர் துபாயில் பணிபுரிகிறார். வீட்டில் மாமனாரும் மாமியும் உடனிருக்கின்றனர். நான்கு ஆண்டுகளாக இவர் சிறுவர் நூல்களுக்கு மதிப்புரை எழுதி வருகிறார். பதிப்பகத்தார் அனுப்பி வைத்த நூல்கள் கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் அப்பால் அவருக்கென்று ஓர் ஆசையும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும்படியாக ஒரு நாவல் எழுத வேண்டும். முதல் அத்தியாயத்தை மூன்று முறை தொடங்கியிருக்கிறார். மூன்று முறையும் அது நின்றுபோயிற்று. குடும்பம், மதிப்புரை, நாவல் என்னும் இம்மூன்றில் எதை விடுவது என்பதே அவரது கேள்வி. குடும்பத்தை விட முடியாது; ஆகவே மற்ற இரண்டையும் விட்டுவிடலாமா என்று விடையையும் அவரே எழுதி, அதற்கு என் ஒப்புதலை மட்டும் கேட்கிறார்.

ஒப்புதல் தர எனக்கு மனமில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வேலையின் அளவைப் பார்ப்போம். படக்கதை ஒன்றைப் படித்து முடிக்கப் பத்து நிமிடம் போதும் என்பது உண்மை. அதைப் பற்றிப் பொறுப்புடன் எழுத வேண்டுமானால் பத்து நிமிடம் போதாது. ஒரு முறை தனியே படிக்க வேண்டும். ஒரு முறை ஒரு குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். வாக்கியம் நாவில் புரளுகிறதா, மொழிபெயர்ப்பின் முடிச்சுகள் தடுக்குகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு எழுத்தை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்க்க வேண்டும். கதை சொல்லாத எதையேனும் படம் சொல்லுகிறதா, அல்லது சொன்னதையே திரும்பச் சொல்லுகிறதா? அட்டையில் போட்டிருக்கும் வயதுக்கும் உள்ளே இருக்கும் சொற்களுக்கும் பொருத்தம் உண்டா? நாலு முறை புரட்டினால் தையல் பிரியுமா? விலை என்ன? இத்தனையும் பார்த்து முந்நூறு சொற்கள் எழுத ஒரு முழு மாலைப்பொழுது வேண்டும். இந்தச் சகோதரி மாதம் ஆறு நூல்களுக்கு எழுதுவதாகக் கூறுகிறார். ஆறு மாலைப்பொழுதுகள்! மூன்று பிள்ளைகளின் வீட்டுப்பாடமும், இரவுச் சமையலும், நாள்தோறும் துபாயிலிருந்து வரும் தொலைபேசியும் உள்ள ஒரு வீட்டில் அவை எங்கிருந்து வரும்? நாவலுக்குரிய நேரத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. குடும்பம் நாவலைத் தின்றுவிட்டதாக அவர் எண்ணுகிறார். கடிதத்தை இரண்டு முறை படித்த எனக்கோ, தின்றது அந்த அட்டைப் பெட்டிகள்தாம் என்று தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஸ்வீடன் நாட்டு அம்மையார் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் படைத்த ‘பிப்பி நீள்காலுறை’ என்னும் சிறுமியின் கதை எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்திருக்கிறது. 1907இல் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தவர். பத்தொன்பதாம் வயதில், துணையாக எவரும் இல்லாத நிலையில் தாயானார். பிறந்த மகனைத் தன்னுடன் வைத்துக்கொள்ள வழியின்றி, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டு, ஸ்டாக்ஹோமில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அலுவலக வேலை பார்த்தார். காசு சேரும்போதெல்லாம் ரயிலேறி மகனைப் பார்த்து வருவார். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் இப்படிக் கழிந்தது. 1931இல் அவருக்குத் திருமணமாயிற்று. மகன் உடன் வந்து சேர்ந்தான்; 1934இல் மகள் காரின் பிறந்தாள்.

1941இல் காரின் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தாள். கதை சொல்லும்படி தாயை நச்சரித்தவள், பிப்பி என்ற அந்த விசித்திரப் பெயரையும் தானே உண்டாக்கிக் கொடுத்தாள். பெயர் விசித்திரமாக இருந்ததால் சிறுமியும் விசித்திரமானவளாக அமைந்தாள் என்பார்கள். மூன்றாண்டுகள் அக்கதை அந்த வீட்டின் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. 1944இல் பனி உறைந்த தெருவில் ஆஸ்ட்ரிட் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எழுந்து நடமாட முடியாமல் கட்டிலில் கிடந்த நாள்களில்தான், தாம் கற்றிருந்த சுருக்கெழுத்தில் அக்கதையை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு மே மாதம் காரினின் பத்தாவது பிறந்தநாளில் கையெழுத்துப் படியை அவளிடம் கொடுத்தார். படியொன்றைப் போன்னியர் என்னும் பெரிய பதிப்பகத்துக்கு அனுப்ப, அது திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு வேறொரு பதிப்பகம் நடத்திய போட்டியில் அதே கதை முதல் பரிசு பெற்று, 1945இன் இறுதியில் நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

கணுக்கால் சுளுக்கினால்தான் ஒரு குடும்பத் தலைவிக்கு எழுத நேரம் கிடைக்கும் என்பது ஸ்டாக்ஹோமுக்கும் நம் ஊருக்கும் பொதுவான உண்மை போலும்! எனினும் நான் சுட்டிக்காட்ட விரும்புவது இதற்குப் பிந்திய பகுதியை.

1946 முதல் 1970 வரை இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் அதே பதிப்பகத்தின் சிறுவர் நூல் பிரிவில் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். பிறர் எழுதியனுப்பும் கதைகளைப் படிப்பதும், தேறுபவை எவை தேறாதவை எவை என்று முடிவு செய்வதும் அவர் தொழில். நம் சகோதரி செய்யும் வேலைக்கு இது நெருங்கிய உறவுடையதே. அவர் தமது நாளை இரண்டாக வெட்டினார். காலையில் கட்டிலில் அமர்ந்தபடியே சுருக்கெழுத்துக் குறிப்பேட்டில் சொந்தக் கதை. பிற்பகலில் அலுவலகம் சென்று பிறர் கதை. முற்பகலில் அலுவலக வேலை நுழைவதில்லை. 1952இல் கணவர் மறைந்த பின்னரும் இந்த ஒழுங்கு தொடர்ந்தது. அவ்வாறு நிரம்பிய குறிப்பேடுகள் 670 இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவருடைய சுருக்கெழுத்தைப் பிறர் படிக்கவே இயலாது என்று நெடுங்காலம் கருதியிருந்தனர். 2020இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தில், சுருக்கெழுத்து அறிந்த தன்னார்வலர்கள் கூடி அவற்றில் ஒரு பகுதியைப் படித்தெடுத்தனர்.

அவர் தமக்குரிய நல்ல நேரத்தைச் சொந்தக் கதைக்குக் கொடுத்தார். மிஞ்சிய நேரத்தைப் பிறர் நூலுக்குக் கொடுத்தார். நம் சகோதரியோ நேர்மாறாகச் செய்கிறார். மதிப்புரைக்குத் தவணை உண்டு, இதழாசிரியர் கேட்பார். நாவலுக்குத் தவணை இல்லை, கேட்பாரும் இல்லை. கேட்பார் உள்ள வேலை முந்திக்கொள்வதும் கேட்பாரற்றது பிந்திப்போவதும் இயல்புதானே.

ஸ்வீடன் வாழ்க்கையை அப்படியே பெயர்த்து வந்து தஞ்சையில் நட இயலாது என்பதை அறிவேன். காலை எட்டு மணிக்குக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதும் மருமகளை எந்த மாமியும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார். நானும் ஒரு மாமிதான், எனவே உறுதியாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் நேரம் முழுத்துணியாகக் கிடைப்பதில்லை, துண்டுத் துணியாகத்தான் கிடைக்கிறது. அதை வைத்துத் தைக்கக் கற்றவர் ஒருவரும் இருந்திருக்கிறார்.

அமெரிக்காவில் பெவர்லி கிளியரி என்று ஒருவர். 2021இல் நூற்று நான்காம் வயதில் காலமானார். நூலகராக இருந்தவர்; பின்னர் எழுத்தாளரானவர்; 1955இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானவர். எழுதும் நாளில் அவர் ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு எழுத உட்காருவாராம். மாவு பொங்கியதும் எழுந்து அதை அடக்கி வைத்துவிட்டு மீண்டும் எழுதுவார், மறுபடி பொங்கும், மறுபடி எழுவார். ரொட்டி வெந்து இறங்கும்போது அன்றைய பக்கமும் முடிந்திருக்கும். நமது இட்லி மாவு பொங்க ஓர் இரவு வேண்டும். எனவே இந்த உபாயம் நமக்கு இன்னும் தாராளமாகவே பயன்படும் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் விஷயம் வேடிக்கையன்று. ஒரு மணி நேரம் தடையின்றிக் கிடைத்தால்தான் எழுதுவேன் என்று காத்திருப்பவள் எழுதவே மாட்டாள். குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரத்தில் நான்கு வரி எழுத முடியும். அதற்கு ஒரே நிபந்தனை: நேற்று எங்கே நிறுத்தினோம், இன்று என்ன எழுதப்போகிறோம் என்பது முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும். துணி மடிக்கும்போதும் மீன் ஆயும்போதும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கைகள் வேலையில் இருக்கும்போது தலை காலியாகத்தானே இருக்கிறது!

கிளியரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சகோதரியின் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா என்ற ஊரில் அவர் நூலகராக இருந்தபோது, சிறுவர்கள் சிலர் அவரிடம் வந்து, எங்களைப் போன்ற பிள்ளைகள் வருகிற புத்தகம் எங்கே என்று கேட்டனர். அலமாரியில் அப்படி எதுவும் இல்லை. அங்கிருந்த கதைகளில் வந்த பிள்ளைகள் வேறு. சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், நாயும் பள்ளிக்கூடமுமாக வளரும் பிள்ளைகள் அவற்றில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடையாக அவர் ‘ஹென்றி ஹக்கின்ஸ்’ என்ற நூலை எழுதினார். அது வெளிவந்தது 1950இல். கேள்வி எழுந்ததற்கும் விடை கிடைத்ததற்கும் இடையே ஏறக்குறைய பத்தாண்டுகள்.

சகோதரியே, உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் குறையும் இதுவேயன்றோ? நான்கு ஆண்டுகளாக வந்த நூல்களில் உங்கள் வீட்டைப் போன்ற வீட்டைக் கிட்டத்தட்டக் காணவே இல்லை என்கிறீர்கள். வரும் ஓரிரு கதைகளிலும் ஒரு பாத்திமா அல்லது ஒரு சலீம் பெருநாள் அன்று மட்டும் தோன்றி, பக்கத்து வீட்டுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டு, ஒற்றுமையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசி மறைந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்துச் சிரித்தேன், சிரித்து முடித்த பின் சற்று வருந்தவும் செய்தேன். என் வாசிப்பும் அதற்கு மாறாக இல்லை. கணக்குப் பாடத்தில் தோற்கும் பாத்திமா எங்கே? சைக்கிளைத் தொலைத்துவிட்டு வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் சலீம் எங்கே? வாப்பாவை ஆண்டுக்கொரு முறை விமான நிலையத்தில் மட்டும் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தை எங்கே? இந்தக் குறையை உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது நீங்கள் மதிப்புரைக்காகப் படித்த நூல்கள்தாம். அவ்வளவு படிக்காமல் இருந்திருந்தால், எது இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆதலால் மதிப்புரைப் பணியை நாவலுக்குப் பகை என்று எண்ண வேண்டாம். ஆறைக் குறைத்து இரண்டாக்குங்கள். எஞ்சிய நான்கு மாலைகளை நாவலுக்குக் கொடுங்கள்.

நான்கு நூல்களுக்கு மறுப்புச் சொல்வது எப்படி என்பது அடுத்த சங்கடம். நம் தமிழ்ச் சிறுவர் இலக்கிய உலகம் சிறியது. எழுதுபவர், அச்சிடுபவர், மதிப்புரை எழுதுபவர் யாவரும் ஒருவரையொருவர் அறிவர். தெரிந்தவர் நூல் அனுப்பினால் எழுதாமலிருப்பது மரியாதைக் குறைவு என்றும், குறை சொல்லி எழுதுவது அதனினும் பெரிய குற்றம் என்றும் ஓர் எண்ணம் படிந்திருக்கிறது. ஓசியாக வந்த புத்தகம் கடன் அன்று. அனுப்பியவர் எல்லாருக்கும் எழுதுவதற்கு எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. ‘மாதம் இரண்டு நூல்களே எழுத இயலுகிறது, தங்கள் நூல் கிடைத்தது, நன்றி’ என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும். சும்மா புகழ்ந்து எழுதிய மதிப்புரையை நம்பி, நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு தாய் அந்நூலை வாங்கினால், அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு? ஆறு நூல்களை அவசரமாகப் புகழ்வதைக் காட்டிலும் இரண்டு நூல்களை நிதானமாக எடைபோடுவது அந்தத் தாய்க்கும் நல்லது, எழுதிய ஆசிரியருக்கும் நல்லது. எதிர்ப்பைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. 1946இல் ஸ்வீடனின் பெரிய விமர்சகர் ஒருவர் பிப்பியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிப்பி சாகவில்லை, விமர்சகரும் எழுதுவதை நிறுத்தவில்லை.

இனிப் பிள்ளைகள். இதில்தான் என் மனம் அதிகம் தயங்குகிறது.

சிறுவர் நூல்களைப் பற்றி எழுதும் தாய்க்கு அவள் பிள்ளைகளே முதல் வாசகர்கள். அது பெரும் வசதி. அதுவே பெரும் ஆபத்தும் ஆகும். நான் அறிந்த ஒரு வீட்டில், இரவில் கதை படிக்கும்போது தாய் பென்சிலைக் கையில் எடுத்தாளானால் மகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். உம்மா நமக்காகப் படிக்கவில்லை, வேறு யாருக்காகவோ படிக்கிறாள் என்பது ஏழு வயதுக் குழந்தைக்கும் தெரிகிறது. படுக்கை நேரக் கதையை மதிப்புரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது. பிள்ளை கேட்கும் நூலைத்தான் படிக்க வேண்டும், அது பதினைந்தாம் முறை கேட்கும் அதே கிழிந்த நூலானாலும் சரி. இங்கிலாந்தில் ஜூடித் கெர் என்பவர், தேநீர் அருந்த வீட்டுக்கு வந்த புலியின் கதையைத் தம் சிறு மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே வடித்தெடுத்தார். பிள்ளைகள் பள்ளி செல்லும் வயது வந்த பின்னர்தான் எழுதி, படம் தீட்டி, 1968இல் நூலாக்கினார். சொன்ன காலத்தில் அது எழுத்துக்கான மூலப்பொருள் அன்று. உறக்கத்துக்கு முன் ஒரு தாயும் மகளும் பகிர்ந்துகொண்ட கதை, அவ்வளவே.

பிள்ளைகள் சொன்னதை எழுத்தில் சேர்ப்பதும் கவனமாகச் செய்ய வேண்டியது. ஏ. ஏ. மில்ன் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பெயரையே கதையில் வைத்து, 1926இல் ‘வின்னி த பூ’ கரடிக் கதையை வெளியிட்டார். உலகம் மகிழ்ந்தது. அந்த மகன் விடுதிப் பள்ளிக்குச் சென்றபோது உடன் பயின்றோர் அதை வைத்தே அவனைக் கேலி செய்தனர். வளர்ந்த பின் அந்தப் புகழ் தமக்குச் சுமையாக இருந்ததை அவர் 1974இல் வெளியிட்ட தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். மில்ன் அன்பில் குறைந்த தந்தை என்று இதற்குப் பொருளில்லை. தம் பெயர் எங்கே போகிறது என்று அறியும் வயது அந்தக் குழந்தைக்கு இல்லை, அவ்வளவுதான். நம் சிற்றூர்களில் பெயர் போட வேண்டியதுகூட இல்லை. ‘என் நடு மகன்’ என்று எழுதினாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். பதிமூன்று வயது மூத்த மகள் ஒரு கதையைப் படித்து அழுதாள் என்று அவளைக் கேளாமல் எழுதாதீர்கள். கேட்டு, அவள் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். மதிப்புரைக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

மாமியைப் பற்றிச் சகோதரி எழுதியிருப்பதைப் படித்தால் அந்த அம்மையாரைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘படித்தது போதாதா, இன்னும் என்ன பிள்ளைப் புத்தகம்’ என்று கேட்கிறாராம். அவர் கண்ணுக்குப் புலப்படுவது பெட்டிகள், தூசு, எரியும் விளக்கு ஆகியவைதாம். விளைந்தது எதுவும் புலப்படவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் வீடுகளில் ‘நூறு மசலா’வையும் சீறாப்புராணத்தையும் ஒருவர் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் இருந்தது. காதால் கேட்கும் நூலுக்கு அந்தத் தலைமுறை ஒருபோதும் பகையன்று. வாரம் ஒரு மாலை கூடத்தில் அமர்ந்து பிள்ளைகளுக்குப் படிக்கும்போது மாமியும் காதில் வாங்கட்டும். நல்ல கதை எது, சாரமற்ற கதை எது என்று உங்கள் இதழாசிரியரைவிடக் கறாராக அவர் தீர்ப்புச் சொன்னாலும் சொல்வார்.

குற்றவுணர்வு என்னும் நோய்க்கு என்னிடம் கைமருந்து இல்லை. ஆனால் அந்த நோய் கண்ட பெரியவர் ஒருவரைக் காட்ட முடியும். அமெரிக்க எழுத்தாளர் மேடலைன் லெங்கல் 1950களில் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கணவருடன் மளிகைக் கடையும் நடத்தி, இரவில் எழுதிவந்தார். எழுத்தால் வருமானம் இல்லை. மற்றப் பெண்களைப் போல் வீட்டையும் பளிச்சென்று வைக்க முடியவில்லை. 1958இல் நாற்பதாவது பிறந்தநாளன்று ஒரு நூல் நிராகரிக்கப்பட்டு வந்தது. இதுவே விதி என்று தட்டச்சுப் பொறியை மூடி உறையிட்டு, இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்து அழுதபடி அறைக்குள் நடந்தவர், நடக்கும்போதே தோல்வியைப் பற்றி ஒரு நாவல் எழுதலாமே என்று மனம் திட்டமிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு உறையைக் கழற்றினார். அதன் பின் எழுதிய ‘எ ரிங்கிள் இன் டைம்’ இருபதுக்கும் மேற்பட்ட முறை திருப்பியனுப்பப்பட்டு, 1962இல் வெளிவந்து, மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. பதக்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் எழுதித்தான் இருப்பார் என்பது அந்த நாற்பதாவது பிறந்தநாளிலேயே தெரிந்துவிட்டது. விட்டுவிட முடியுமா என்று நீங்களும் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். முடிந்துவிட்டால் நல்லது, நிம்மதியாக விட்டுவிடலாம். கடிதம் ஒன்பது பக்கம் எழுதுபவரால் அது முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆண்களும் இரண்டு வேலை பார்த்து எழுதியவர்களே. நம் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் பணியாற்றியபடியே பிள்ளைகளுக்குப் பாடல்கள் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவரும் அவரே. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் வங்கி மாலையில் மூடுகிறது, அடுப்படி மூடுவதில்லை. இந்த வேற்றுமையை வீட்டு ஆண்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. விடுமுறையில் ஊர் வரும் கணவர், அந்த இரண்டு மாதத்தில் காலை ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மாமனாரும் கடைக்குட்டியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம்.

நேரத்தைப் பற்றிய என் யோசனை இது. இரவை விட்டுவிடுங்கள். துபாயில் ஒன்பது மணி என்றால் நமக்குப் பத்தரை. கணவர் வேலை முடிந்து குளித்து உண்டு பேச வரும் நேரம் அது. அந்தப் பேச்சைக் குறைத்து எழுத வேண்டாம். கடல் கடந்து வாழும் குடும்பத்துக்கு அதுதான் கூடம், அதுதான் முற்றம். எழுதுவதை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பால்காரர் வரும் வரை நாற்பது நிமிடம் கிடைக்கும். வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு 250 சொற்கள் என்றால் வாரம் 1,000 சொற்கள். பத்து வயதுப் பிள்ளைக்கான நாவலுக்கு 12,000 சொற்கள் போதும். கணக்குப்படி பன்னிரண்டு வாரம். காய்ச்சல், திருமணம், தேர்வு, விருந்தாளி என்று அதை இரட்டித்து இருபத்துநான்காகக் கொள்ளுங்கள். ரமலான் மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். மதிப்புரைகள் இரண்டையும் பிள்ளைகள் பள்ளியிலிருக்கும் பிற்பகலில் முடித்துவிடலாம். அவை சற்றே தூக்கக் கலக்கத்திலும் எழுதக்கூடியவைதாம்.

முதல் அத்தியாயத்தை நான்காம் முறை தொடங்காதீர்கள். மூன்றில் எது மிச்சமிருக்கிறதோ அதை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.

கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகளில் எழுதி முடித்த நூல்களை அருகிலுள்ள பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம். உங்கள் கடிதத்தில் தெருப் பெயர் விட்டுப்போயிருக்கிறது. முழு முகவரி எழுதினால் என்னிடமுள்ள இரண்டு நூல்களை உங்கள் நடு மகனுக்கு அனுப்பி வைக்கிறேன். அவற்றுக்கு மதிப்புரை வேண்டாம்.